மூன்று மாதமாகக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது, புதிதாக வளர்வதோ நார்போல் இருக்கிறது

மெய்ப்புத்தாள் | ஜூன் 4

வணக்கம். எனக்கு 41 வயது. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். முடி கொட்டுவதை முதலில் காட்டிக்கொடுத்ததும் மெய்ப்புத் தாள்தான். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஒரு சொல்லை யாரோ மெல்லிய கோடு போட்டு அடித்திருப்பதாக நினைத்து அதன்மேல் விரலை வைத்தேன். கோடு நகர்ந்தது. அது என் முடி. அன்று மாலைக்குள் அந்த ஒரு கட்டுத் தாள்களின் மேலிருந்து மட்டும் 23 முடிகளைப் பொறுக்கினேன்.

அதன் பிறகு எண்ணத் தொடங்கிவிட்டேன். எண்ணாதே என்று வீட்டில் சொல்கிறார்கள், என்னால் நிறுத்த முடியவில்லை. தலைக்குக் குளிக்கும் நாளில் சீப்பு, தலையணை, குளியலறை வடிகால் மூன்றையும் சேர்த்தால் 240, 260 என்று போகிறது. மற்ற நாள்களில்கூட 150-க்குக் கீழே இறங்கவில்லை. முன்பெல்லாம் ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற முடியாது. இப்போது நான்கு சுற்றுச் சுற்றிய பிறகும் நழுவுகிறது.

கொட்டுவதைவிட என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. என் முடி பிறந்ததிலிருந்தே நேரானது, கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். இடுப்புவரை நீளம். இப்போது வேரையொட்டி ஓர் அங்குலம் மட்டும் உலர்ந்து, சொரசொரப்பாக, அங்கங்கே நெளிந்து வளர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பழைய முடி அப்படியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழையை உச்சியிலிருந்து நுனிவரை விரல்களால் உருவினால், எந்த இடத்தில் மாறுகிறது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இருவர் முடியை ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. சாயமோ நேராக்கும் ரசாயனமோ நான் ஒருநாளும் போட்டதில்லை. சூடான காற்றில் உலர்த்தும் பழக்கமும் கிடையாது.

ஜனவரி முதல் வாரத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. ஏழு நாள், 103 டிகிரிவரை போனது. பிறகு சரியாகிவிட்டது. முடி கொட்டத் தொடங்கியதும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து பயோடின் என்ற வைட்டமினின் 10 மில்லிகிராம் மாத்திரையைக் காலைதோறும் எடுத்துக்கொள்கிறேன். மே மாதம் இரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 11.6, சர்க்கரை இயல்பு, தைராய்டுக்கான டிஎஸ்எச் 2.8. அறிக்கையைப் பார்த்த மருத்துவர், “எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்படுவதை நிறுத்துங்கள், முடி கொட்டுவது நின்றுவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் கவலைப்பட்டதே முடி கொட்டியதால்தான். அதற்கு முன்பு எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. கவலையால் முடி கொட்டும் என்பதையாவது ஏற்றுக்கொள்ளலாம். முடியின் தன்மையே மாறிப்போகுமா? அனுபவப்பட்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைத்தொட்டில் | ஜூன் 4

உங்கள் எழுத்தைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது தோழி. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. இரட்டைக் குழந்தைகள் பிறந்து மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. பாலூட்டும்போது குழந்தையின் விரல்களில் என் முடி சுற்றிக்கொள்ளும், இரத்த ஓட்டம் தடைப்படுமோ என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பேன்.

கர்ப்பக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் தங்கிவிடுகிறதாம். பிரசவத்துக்குப் பிறகு அந்த அளவு சட்டென்று இறங்கியதும், தங்கியிருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்ச் சில மாதங்களில் கொட்டுகின்றன. என் தோல் மருத்துவர் இப்படித்தான் விளக்கினார். மருந்து எதுவும் தரவில்லை. குழந்தைகளுக்கு ஒரு வயது ஆவதற்குள் திரும்பிவிட்டது. உங்களுக்கும் அந்தக் காய்ச்சல்தான் காரணமாக இருக்கும். முடியின் தன்மை மாறுவதைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு வளர்ந்தது பழைய முடியேதான்.


குருதித்துளி | ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

22 ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் பதிவில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒன்று.

நாளை கொட்டும் முடியில் இருபதை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வையுங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை ‘வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது’ என்று நினைத்து அழுகிறார்கள். அது வேர் அல்ல. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அப்படித்தான் தடித்து வெளுத்திருக்கும். மயிர்க்கால் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. குமிழ் இருந்தால் முடி உதிர்ந்திருக்கிறது. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் நடுவில் உடைந்திருக்கிறது. உதிர்வதும் உடைவதும் வேறு வேறு. உடைவதற்குப் பெரும்பாலும் சூடு, ரசாயனம், இறுகக் கட்டுவது போன்ற வெளிக் காரணங்கள். உதிர்வதற்கு உடம்புக்குள் தேட வேண்டும்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை வளர்கிறது, பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்குகிறது, பிறகு சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழுகிறது. எப்போது பார்த்தாலும் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு முடிகள் வளர்ந்துகொண்டிருக்கும், மீதிதான் ஓய்வில் இருக்கும். அதனால்தான் நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. கடுங்காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற எடைக்குறைப்பு, பெரும் அதிர்ச்சி என்று ஏதாவது வந்தால் உடம்பு ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை நாம் மறந்தே போயிருப்போம். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1961-இல் இதை விவரித்து டெலோஜன் எஃப்ளுவியம் என்று பெயரிட்டார். உங்கள் ஜனவரிக் காய்ச்சலும் மார்ச் கடைசி உதிர்வும் இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகின்றன. இரட்டைத்தொட்டில் சொன்னதில் தவறில்லை.

ஆனால் அந்த ஓர் அங்குலம் இந்தக் கணக்கில் உட்காரவில்லை.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாப் பொருள். அதற்கு நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. உடம்புக்குள் என்ன நடந்தாலும் ஏற்கெனவே வந்துவிட்ட முடித்தண்டைப் போய்த் திருத்தி எழுத முடியாது. வெளியிலிருந்து வரும் கேடு முடியின் பழைய பகுதியைத்தான், அதாவது நுனியைத்தான், அதிகம் தாக்கும். ஏனென்றால் அதுதான் பல ஆண்டு வெயிலையும் சீப்பையும் தாங்கியது. உள்ளிருந்து வரும் மாற்றம் வேர்ப்பக்கம்தான் தெரியும். உங்களுக்கு நுனி நன்றாக இருக்கிறது, வேர்ப்பக்கம் கெட்டிருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஓர் அங்குலம் என்றால் இரண்டரை மாதம். ஆக, ஏதோ ஒன்று மார்ச் வாக்கிலோ அதற்கு முன்போ உள்ளே மாறி, இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறது. ஏழு நாளில் வந்துபோன காய்ச்சல் இப்படி இரண்டரை மாதத்துக்கு எழுதிக்கொண்டே இருக்காது.

முடியை உலர்த்திச் சொரசொரப்பாக்குவதில் எனக்கு முதலில் தோன்றுவது தைராய்டு குறைவு. டிஎஸ்எச் 2.8 என்று வந்ததே என்பீர்கள். நான் தூங்காத வரி இதுதான். நீங்கள் ஏப்ரலிலிருந்து பயோடின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள். மே மாதம் இரத்தம் கொடுத்தீர்கள். பரிசோதனை நாளன்று காலையிலும் அதைச் சாப்பிட்டீர்களா?

பல கருவிகளில் ஹார்மோன் அளவைப் பார்ப்பதற்கே பயோடினைத்தான் கொக்கியாகப் பயன்படுத்துகிறோம். பயோடின் போய் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் விடாமல் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடிப்பை வைத்துத்தான் கருவி அளக்கிறது. இரத்தத்திலேயே பயோடின் வழிந்தால் அது அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும், கருவி ஏமாந்துபோகும். தைராய்டு குறைந்தால் அதைத் தூண்டும் டிஎஸ்எச் ஏறும், தைராய்டு சுரக்கும் டி4 இறங்கும். ஏமாந்த கருவியோ டிஎஸ்எச்சை உள்ளதைவிடக் குறைவாகவும் டி4-ஐ உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். தைராய்டு குறைந்தவரின் அறிக்கை பார்ப்பதற்கு இயல்பானவருடையதுபோல் வந்துவிடும். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான பயோடின் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். இவ்வளவுக்கும், பயோடின் குறைபாடு இல்லாதவருக்கு இந்த மாத்திரை முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

எல்லாக் கருவிகளும் இந்த முறையில் வேலை செய்வதில்லை. உங்கள் அறிக்கை சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் இந்தச் சந்தேகத்தோடு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என் மனம் ஒப்பவில்லை. பயோடினை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் என்பார்கள், இவ்வளவு பெரிய அளவுக்கு நான் ஒரு வாரம் என்பேன். பிறகு மருத்துவரிடம் சொல்லி டிஎஸ்எச், ஃப்ரீ டி4, டிபிஓ எதிர்ப்பொருள் (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது), ஃபெரிட்டின் நான்கையும் பாருங்கள். ஃபெரிட்டின் என்பது இரும்புச்சத்தின் சேமிப்பு. ஹீமோகுளோபின் அன்றாடச் செலவுக் கணக்கு. சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகுதான் செலவுக் கணக்கில் துண்டு விழும். 11.6 ஏற்கெனவே கொஞ்சம் குறைவுதான், அதை ‘சரியாக இருக்கிறது’ என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இதற்கும் பதில் எழுதுங்கள்: மற்றவர்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிர்கிறதா? மலச்சிக்கல்? குரல்? மாதவிடாய் கூடுதலாகப் போகிறதா? புருவத்தின் வெளி ஓரம் எப்படி இருக்கிறது?


வகிடு | ஜூன் 5

முடி வளர்வதற்காகத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை, 5 சதவீதம், நான் மூன்று ஆண்டாகப் போடுகிறேன். எனக்குப் பலன் கிடைத்தது. ஆனால் என் கதை உங்களுடையது போன்றதல்ல என்பதால், அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கொத்தாக ஒருநாளும் கொட்டவில்லை. சீப்பில் வழக்கமான முடிதான். ஐந்தாறு ஆண்டில் நடு வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகன்றது. முன்நெற்றி ஓரம் அப்படியே இருந்தது. புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவு இது. மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெலிந்த முடியையே அனுப்புகிறது. லுட்விக் என்ற மருத்துவர் 1977-இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார், நான் முதல் படியில் இருக்கிறேன். கூடவே மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போவது, முகத்தில் முடி, பருக்கள் என்று இருந்தால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் அளவையும் பார்க்க வேண்டும் என்றார் என் மருத்துவர்.

மருந்து தொடங்கிய முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் எதுவும் தெரியும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் போடக் கூடாது. ஏற்கெனவே 260 முடி கொட்டிக்கொண்டிருக்கும்போது, காரணம் தெரியாமல் இதைப் போட்டால் எதனால் கொட்டுகிறது என்றே பிறகு பிரித்தறிய முடியாது. குருதித்துளி அக்கா சொன்ன பரிசோதனைகளை முதலில் முடியுங்கள்.


தனிமுடி | ஜூன் 6

புருவம் என்று குருதித்துளி எழுதியதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு 57 வயது. எனக்குப் போனது முதலில் புருவம்தான். மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வயதானால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு முன்நெற்றி ஏறத் தொடங்கியது. நெற்றியில் ஒரு பட்டைபோல் தோல் மட்டும் வெளிறி, வழுவழுப்பாக, மயிர்த்துளையே இல்லாமல் பளபளத்தது. பழைய எல்லையில் இரண்டு மூன்று முடிகள் மட்டும் தனியாக நின்றன. என் பெயரை அவற்றிலிருந்துதான் எடுத்தேன். முடி முளைக்கும் ஓரத்தில் அரிப்பும் லேசான எரிச்சலும் இருந்தன. பொடுகு என்று நினைத்து ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு ஆண்டு போனது. மூன்று சென்டிமீட்டர் போனது. அதன் பிறகுதான் ஒரு தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்து, நான்கு மில்லிமீட்டர் தோலை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. 1994-இல் ஸ்டீவன் கோசார்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார். இதில் மயிர்க்காலைச் சுற்றி அழற்சி வந்து, மயிர்க்கால் தழும்பாக மாறிவிடுகிறது. தழும்பான இடத்தில் முடி முளைக்காது. மருந்தால் மேலும் பரவாமல் நிறுத்தலாம், இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. எனக்கு நின்றுவிட்டது. அந்த மூன்று சென்டிமீட்டர் எனக்குத் திரும்பவில்லை.

தங்கையே, உங்களுக்கு இது இருப்பதாக நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தலை முழுவதும் பரவலாகக் கொட்டுகிறது, வெள்ளைக் குமிழோடு வந்தால் மயிர்க்கால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆனால் இதைப் படிக்கும் எல்லாப் பெண்களிடமும் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: அரிப்பு, எரிச்சல், வலி, மயிர்த்துளைகளைச் சுற்றிச் சிவப்பு, பளபளக்கும் தோல், இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதே வாரம் தோல் மருத்துவரிடம் போங்கள். நாணயம்போல் வட்ட வட்டமாகப் போவது புழுவெட்டு, அது வேறு. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதில் மயிர்க்கால் அழிவதில்லை, திரும்ப முளைக்க வாய்ப்பிருக்கிறது. எனக்கு வந்ததுபோன்ற தழும்பு வகையில்தான் ஒவ்வொரு மாதமும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.


மெய்ப்புத்தாள் | ஜூன் 6

எல்லோருக்கும் நன்றி. தனிமுடி அம்மா, உங்கள் பதிவைப் படித்தவுடன் கண்ணாடி முன் போய் நின்றேன். நெற்றியோரம் மாறவில்லை, அரிப்பும் இல்லை.

இருபது முடியைப் பார்த்தேன். பதினெட்டில் வெள்ளைக் குமிழ் இருக்கிறது, இரண்டு உடைந்தவை. அந்தக் குமிழைப் பார்த்துத்தான் இத்தனை வாரமும் எல்லாம் வேரோடு போகிறதே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். ஆமாம், குளிர்கிறது. வீட்டில் எல்லோரும் மின்விசிறி போடச் சொல்கிறார்கள், நான் போர்வையோடு உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறேன். மலச்சிக்கலும் இருக்கிறது. தொலைபேசியில் பேசும்போது ‘தொண்டை கட்டியிருக்கிறதா?’ என்று பதிப்பகத்தார் இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள். மாதவிடாய் முன்பு நான்கு நாள், இப்போது எட்டு நாள், அதிகமாகப் போகிறது. 40 கடந்தால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். புருவத்தை இப்போது பார்த்தபோது கைகள் நடுங்கின. இரண்டு பக்கமும் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது. மை தீட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன், ஏன் தீட்ட வேண்டியிருக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பரிசோதனை நாளன்று காலை ஆறு மணிக்குப் பயோடின் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சத்து மாத்திரைதானே என்று நானும் சொல்லவில்லை. நேற்று இரவே நிறுத்திவிட்டேன்.


மெய்ப்புத்தாள் | ஜூன் 19

முடிவு வந்துவிட்டது. டிஎஸ்எச் 17.2. இயல்பு நிலை 4 வரை என்று தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஃப்ரீ டி4 குறைவு. டிபிஓ எதிர்ப்பொருள் மிக அதிகம். ஃபெரிட்டின் 8.

இம்முறை வேறு மருத்துவரிடம் போனேன். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பயோடின் விவரத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். என் உடம்பே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது, ஹாஷிமோட்டோ என்று பெயர் என்றார். தைராய்டு குறைந்ததால் மாதவிடாய் அதிகமாகியிருக்கிறது, அதனால் இரும்புச் சேமிப்பு கரைந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து முடியைப் பிடித்துக்கொண்டன, காய்ச்சல் அதற்கு மேல் ஓர் உதை கொடுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு விளக்கினார். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிவந்தேன்.

லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். இரும்பு மாத்திரை அதற்கு நான்கு மணி நேரமாவது தள்ளி, இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராதாம்.

கோபம் இருக்கிறது. மே மாதம் ‘கவலைப்படுவதை நிறுத்துங்கள்’ என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு ஒரு மாதம் என்னை நானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்கம் வராதபோதெல்லாம், ‘இப்படி விழித்திருப்பதால்தான் கொட்டுகிறது’ என்று இன்னும் பயந்தேன். இனி எந்தப் பெண்ணிடமும் இப்படிச் சொல்லும் முன்பு ஒரு தடவையாவது அவள் தலையைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. என் தலையை அன்று அவர் தொடவே இல்லை.

அக்கா, ஒரு கேள்வி. இந்த நார்முடி பழையபடி மாறிவிடுமா? வெட்டிவிடட்டுமா?


குருதித்துளி | ஜூன் 20

உங்கள் எண்களைப் பார்த்து ஒரு நிமிடம் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி கணக்கு நேராகும்.

ஏற்கெனவே வளர்ந்த நார்முடி மாறாது தங்கையே. முன்பு சொன்னதுதான், வெளியே வந்துவிட்டதை உடம்பு திருத்தாது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு வேரில் வழுவழுப்பான முடி வரும், அது நார்ப்பகுதியைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே சில மாதம் கழித்து ஒவ்வொரு முடியிலும் மூன்று பகுதி தெரியும். வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த நடுப்பகுதிதான் உடையக்கூடியது. ஈரத்தோடு சீவாதீர்கள், அகலப் பல் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள், இறுக்கிப் பின்னாதீர்கள்.

பொறுமை வேண்டும். டிஎஸ்எச்சை ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்கள், அதற்கு முன்பு பார்த்தால் உண்மை நிலை தெரியாது. அளவை இன்னும் மாற்றக்கூடும். மருந்து தொடங்கிய முதல் சில மாதம் சிலருக்கு உதிர்வது தொடரும். பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி எப்படியும் விழத்தான் செய்யும், அதைத் தடுத்து நிறுத்த முடியாது. ஃபெரிட்டின் ஏறவும் மாதக்கணக்கு ஆகும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பார்த்தால் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் எண்ணிக்கையும், விரலால் உருவிப் பார்த்த அந்த ஓர் அங்குலமும் இல்லாவிட்டால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.


இரட்டைத்தொட்டில் | ஜூன் 20

காய்ச்சல்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. என் அனுபவத்தை உங்கள்மேல் போட்டுவிட்டேன், மன்னியுங்கள். குருதித்துளி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் பையிலிருந்த ‘முடி, நகம், தோல்’ மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பயோடின் 5 மில்லிகிராம். அடுத்த வாரம் எனக்கும் தைராய்டு பரிசோதனை இருக்கிறது. இன்றோடு நிறுத்துகிறேன்.


மெய்ப்புத்தாள் | அக்டோபர் 14

நான்கு மாதம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் பலர் கேட்டிருந்தீர்கள்.

ஆகஸ்டில் டிஎஸ்எச் 7.4. மருந்தை 75 மைக்ரோகிராமாகக் கூட்டினார்கள். இம்மாதம் 2.9. மே மாதத்து 2.8-ஐப் போன்ற எண்தான். ஆனால் இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் போர்வை அலமாரிக்குப் போய்விட்டது, தொண்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மாதவிடாய் ஐந்து நாளில் நிற்கிறது. ஃபெரிட்டின் 31. இன்னும் ஏற வேண்டும் என்று இரும்பைத் தொடரச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை முழுவதும் கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 270 என்று எழுதி வைத்திருக்கிறேன், அதுதான் உச்சம். அக்கா முன்கூட்டிச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றே மருந்தைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து இறங்கியது. நேற்று, தலைக்குக் குளித்த நாள், 84.

முடியை இப்போது விரலால் உருவினால் மூன்று பகுதி தெரிகிறது. வேரையொட்டி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக என் பழைய முடி. அதற்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நார். அதற்கும் கீழே இடுப்புவரை காய்ச்சலுக்கு முந்தைய முடி. கனம் திரும்பவில்லை, ரப்பர் வளையம் இன்னும் நான்கு சுற்றுதான். ஆனால் நழுவவில்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குக் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கின்றன, எதைத் தடவினாலும் படியவில்லை. அவற்றின் நுனி ஊசிபோல் கூர்மையாக இருக்கிறது. உடைந்த முடியின் நுனி மொட்டையாக இருக்கும், புதிதாக முளைத்ததுதான் கூராக இருக்கும் என்று தோல் மருத்துவர் உருப்பெருக்கியில் காட்டினார். புருவ ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய முடி தெரிகிறது. மை தீட்டுவதை விட்டுவிட்டேன், வளர்வது தெரிய வேண்டும் என்பதற்காக.

அடுத்த பரிசோதனை ஜனவரி இரண்டாம் வாரம். போகும் முன்பு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும் கொடுத்துவிடுவேன். இரட்டைத்தொட்டில், உங்கள் பரிசோதனை என்ன சொன்னது? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே.